ராத்திரி ரிசப்ஷன், விடியற்காலை டியூட்டி: ஏஎல்பி தம்பிக்கு என்ன சொல்வது?

வில்லிவாக்கம் அக்கா:
என் தம்பி கூட்ஸ் வண்டியில் ஏஎல்பி (டிரைவருக்கு உதவியாக இருக்கும் அசிஸ்டென்ட் லோகோ பைலட்). சனிக்கிழமை ராத்திரி நண்பனுக்கு ரிசப்ஷன், ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு சைன் ஆன் (கையெழுத்துப் போட்டு டியூட்டியில் சேர்வது). "ஒன்பது மணிக்குள்ள ஒரு குவார்ட்டரோட நிறுத்திடுவேன். தலைக்குக் குளிச்சுட்டுப் போனா ஊதுற மெஷின்ல ஒண்ணும் காட்டாது" என்கிறான். இருமலுக்கு சிரப் வேறு குடிக்கிறான். வேலை போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கு அவன் உயிரே போய்விடுமோ என்று பயம். ரயில்வேக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

அயனாவரம் மருந்துக்கடை:
180 மில்லியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம்வரை ஏறலாம். மணிக்கு ஏறக்குறைய 15தான் இறங்கும். 4 மணிக்கு மிச்சம் இருக்கும். குளியலோ மோரோ அதை வேகப்படுத்தாது.

பெரம்பூர் ரிட்டயர்டு டிரைவர்:
அம்மா, லாபியில் (டிரைவர்கள் டியூட்டியில் சேரும் இடம்) ஊதிப் பார்க்கும் மெஷின் சாராயத்தை மட்டும்தான் பிடிக்கும். கஞ்சாவையும் தூக்கம் வரவைக்கும் சிரப்பையும் அது பிடிக்காது. எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். சிக்னல் தெரிந்ததும் இருவரும் கையைத் தூக்கி "டபுள் யெல்லோ" என்பதுபோல் அதன் நிறத்தை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஏஎல்பி கண் சொருகினால் அந்த இரண்டாவது குரல் போச்சு. இன்ஜினில் டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கும் விசிடி பட்டன் இருக்கிறது, அழுத்தாவிட்டால் பிரேக் பிடிக்கும். ஆனால் அரைத்தூக்கத்திலேயே கை பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். லோடு ஏற்றிய கூட்ஸ், பிரேக் போட்டாலும் உடனே நிற்காது.

1987 ஜனவரி 4, அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம் சேஸ் என்ற ஊர். கஞ்சா புகைத்திருந்த டிரைவரும் பிரேக்மேனும் சிக்னலைத் தாண்டி இன்ஜின்களை மெயின் லைனில் விட்டார்கள். பின்னால் வந்த ஆம்ட்ராக் பயணிகள் வண்டி மோதி 16 பேர் செத்தார்கள். எச்சரிக்கை விசிலை டேப் ஒட்டி அடக்கியிருந்தார்கள்.

நம்மூரில் ரயில்வே சட்டம் 172வது பிரிவு: டியூட்டியில் போதை என்றால் அபராதம், பயணிகளுக்கு ஆபத்து என்றால் ஓராண்டுவரை சிறை. இலாகா நடவடிக்கை தனி.

வில்லிவாக்கம் அக்கா:
நன்றி சார். லீவு கிடைக்காது என்கிறான். என்ன செய்ய?

பெரம்பூர் ரிட்டயர்டு டிரைவர்:
பந்தியில் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே கிளம்பி வந்து தூங்கச் சொல்லுங்கள். சிரப்பைப் பற்றி ரயில்வே டாக்டரிடம் கேட்கட்டும். அப்படியும் தலை சுற்றினால் சைன் ஆன் போடுவதற்கு முன்பே லாபி சூப்பர்வைசரிடம் சிக் மெமோ (உடம்பு சரியில்லை என்று ரயில்வே டாக்டரிடம் போவதற்கான சீட்டு) கேட்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.