வாக்குக் கொடுத்தவரும் இப்போது இருப்பவரும் ஒருவர்தானா?

திருத்துறைப்பூண்டியான்: எங்கள் ஊரில் ஒரு பஞ்சாயத்து. பெரியவர் ஒருவர் தம் குத்தகைக்காரரிடம், "ஒரு மா நிலம் உனக்கு" என்று முன்பு நாலு பேர் அறிய வாக்குக் கொடுத்தார். இன்று மறதி நோயால் பெற்ற மகனையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மகனோ, "வாக்குக் கொடுத்த அப்பா போய்விட்டார், இவர் வேறு ஆள்" என்கிறார். ஒப்புக்கொள்வீர்களா?

வெண்ணாற்றங்கரை: ஒப்புக்கொள்வேன். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இலேயே எழுதிவிட்டார்: ஒருவரின் நினைவு பின்னோக்கி எதுவரை எட்டுகிறதோ, அதுவரைதான் அவர் அதே ஆள். உடம்பு கணக்கில் வராது.

மன்னார்குடி வாத்தியார்: பாதியில் நிறுத்திவிட்டீர்களே ஐயா. தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் 1785இல் அவரை மடக்கினார். தோட்டத்தில் திருடி அடி வாங்கிய சிறுவன் வளர்ந்து, போரில் எதிரியின் கொடியைப் பிடித்த அதிகாரியாகி, முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அந்த அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துபோயிற்று. லாக் கணக்குப்படி சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், சிறுவனும் தளபதியும் மட்டும் வேறு! எந்தக் கணக்குப்பிள்ளை இதை ஏற்பான்?

வெண்ணாற்றங்கரை: இன்றைய நினைவு நேற்றோடும், நேற்றையது முந்தாநாளோடும் தொடர்ந்தால் போதும் என்று திருத்திக்கொள்ளலாம். தளபதி தப்பித்துவிடுவார். பெரியவருக்கு அந்தத் தொடர்ச்சியே அற்றுவிட்டதே.

குடவாசல் மருமகள்: அற்றுவிட்டதா? என் மாமனாருக்கும் இதே நோய்தான், என் பெயர் தெரியாது. நாற்றங்காலில் இறக்கிவிட்டால் நாற்றைப் பறித்து, வேர் மண்ணைத் தண்ணீரில் அலசி, சிறு சிறு கட்டாக முடி கட்டிப் போடுகிறார். ஒரு முடிகூட அவிழ்வதில்லை. வாயால் சொல்ல முடிந்தது மட்டும்தான் நினைவு என்பது படித்தவர்களின் வசதி. இன்னொன்று: அந்த மகன் ஓய்வூதியம் வாங்க யாருடைய கைரேகையை வைக்கிறார்?

கொள்ளிடத்துக்காரன்: அப்படிக் கேளுங்கள் அம்மா! ஆனால் 'அதே ஆளா' என்பதே வீண் கேள்வி. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைக்குக் காவிரி என்ற பெயர் நிலைத்தது, மற்றது கொள்ளிடம். எது பழைய ஆறு என்று சண்டை போட்டு என்ன பயன்? எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று பாருங்கள். தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984இல் வாதிட்டதும் ஏறக்குறைய இதுதான். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் உழைத்திருக்கிறார், அது மாறவில்லை.

மன்னார்குடி வாத்தியார்: ஆறு யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை ஐயா. கொடுத்தவர் இன்னார் என்று இல்லாவிட்டால் கடனை யாரிடம் கேட்பீர்கள்?

வெண்ணாற்றங்கரை: யாரிடமும் கேட்க முடியாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, பதிவு செய்த பத்திரம் இல்லாமல் நிலத்தைத் தானமாகக் கொடுக்க முடியாது.

குடவாசல் மருமகள்: சட்டத்தில் செல்லாது என்று மகன் சொல்லியிருந்தால் நானும் வாயை மூடியிருப்பேன். அவர் அப்பாவையே அல்லவா இல்லை என்கிறார்.

திருத்துறைப்பூண்டியான்: கைரேகைக் கேள்வியை வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தில் நானே கேட்கிறேன்.