புதுப்பிப்பு: பீட்டர்பில்ட் 359 சேசிஸ் நேராகிவிட்டது

நான் ஒட்டிச் சேர்த்துவரும் 1/25 அளவு பிளாஸ்டிக் மாதிரி, பீட்டர்பில்ட் 359 என்ற அமெரிக்க லாரியின் சேசிஸ் (அடிச்சட்டம்) முறுக்கிக்கொண்டு, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இப்போது எல்லாச் சக்கரமும் தரையில். சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, கண்ணாடித் தகட்டில் அழுத்தி, மேலே அகராதியை வைத்து இரவு முழுக்க விட்டேன். கொதிக்கும் நீர் வேண்டாம்; பிளாஸ்டிக் தொய்ந்துவிடும்.

அப்புறம் டீசல் டேங்க். குரோம் பூச்சின் மேல் பசை பிடிக்கவே இல்லை. ஒட்டும் இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டியதும் பிடித்தது. புகைக்குழாய்களின் நடுவே ஓடிய அச்சுக்கோடு (வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) கண்ணை உறுத்தியதால், பிளீச்சில் ஊறவைத்துக் குரோமையே கழற்றிவிட்டேன். கோட்டைத் தேய்த்தாயிற்று. கறுப்பு அடிப்பூச்சு காய்கிறது, அதன்மேல் வெள்ளிப் பூச்சு. கேபினை இன்னும் தொடவில்லை.