41 வயசில இதயத்தில ஓட்டையாம், இப்ப அடைக்கத்தான் வேணுமோ?

வடலி:
வணக்கம். நான் கொக்குவில். ரெண்டு பிள்ளையள், ரெண்டும் சுகப்பிரசவம். ரெண்டு வரியமா மாடிப்படி ஏறினா இளைக்குது. முட்டு எண்டு பம்ப் தந்தவை, அடிச்சும் ஒண்டும் குறையேல்ல. நல்லூர்த் தேரண்டு வெறுங்காலோட நடந்து வரேக்க நெஞ்சு படபடவெண்டு அடிச்சு, வீதியிலயே இருந்திட்டன். பேந்து எக்கோ எண்டு இதய ஸ்கான் எடுத்தா, இதயத்தின்ர மேலறை ரெண்டுக்கும், அதான் சோணையறையளுக்கு, நடுச்சுவரில 22 மில்லிமீற்றர் ஓட்டையாம். பிறக்கேக்கயே இருந்ததாம். வலப்பக்கம் பெருத்துப் போச்சாம்.

மாமி சொல்லுறா, "41 வரியம் இதோடதானே ஓடித் திரிஞ்சனி, இப்ப ஏன் தோண்டுறாய்?" எண்டு. எனக்கும் பயம்தான். இந்த வயசில ஆராவது அடைச்சனீங்களோ?

முற்றத்து வேம்பு:
தங்கச்சி, எனக்கு 46ல அடைச்சது. உங்கட மாமி சொன்னதைத்தான் என்ர அம்மாவும் சொன்னவ. நான் அதை அப்பிடியே டொக்டரிட்டக் கேட்டன். அவர் மருந்துத் துண்டுக்குப் பின்னால கீறிக் காட்டினார். சுவாசப்பைக்குப் போய்ச் சுத்தமாகி வந்த இரத்தம், ஓட்டையால வலப்பக்கம் பாய்ஞ்சு திரும்பவும் சுவாசப்பைக்கே போகுது. இளவயசில வலப்பக்கம் அந்தச் சுமையத் தாங்கும். 40 தாண்ட சோணையறை ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கலாம், சுவாசப்பை நாடியில அமுக்கமும் ஏறலாம். அமுக்கம் மிஞ்சி இரத்தம் எதிர்ப்பக்கம் பாயத் தொடங்கினா, பிறகு அடைக்கவே ஏலாது. மாமிக்கு இதைச் சொல்லுங்கோ.

எனக்குப் பெரும்பாடு தொண்டைக்குள்ளால விட்ட எக்கோதான். கைக்கிற மருந்தைத் தொண்டையில அடிச்சு, கடிக்க ஒரு வளையம் தந்து, இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சவை. ரெண்டு தரம் ஓங்காளிச்சன். நேர்ஸ் பிள்ளை முதுகைத் தடவி "மூக்கால மூச்சு எடுங்கோ அம்மா" எண்டா, பிறகு இறங்கிச்சுது. அது வேண்டாமெண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஓட்டையச் சுத்திப் பிடிமானத்துக்கு விளிம்பு காணுமோ எண்டு அதிலதான் வடிவாத் தெரியும். விளிம்பில்லாட்டி ஓட்டைய அடைக்கிற குடை நிக்காது.

குடை எண்டு சொல்லுறமே தவிர, அது கம்பி வலையால பின்னின ரெண்டு தட்டு. தொடைமடிப்பு நாளத்துக்குள்ளால குழாய் விட்டுக் கொண்டுபோய், சுவருக்கு இங்கால ஒண்டு அங்கால ஒண்டாய் விரிப்பினம். கம்பியில நிக்கல் கலந்திருக்கும். கவரிங் தோடு போட்டுக் காது கடிக்கிறதெண்டா நிக்கல் ஒத்துக்கொள்ளாததா இருக்கலாம், முதலே சொல்லிப்போடுங்கோ. எனக்கு வச்சது கொழும்பில. அண்டு இரவு காலை மடக்காமல் கிடந்தன், அடுத்த நாள் நடந்தன். ஆறு மாதம் அஸ்பிரின் போட்டன். அந்த ஆறு மாதத்துக்குள்ள பல்லுப் புடுங்கிறதெண்டா முன்கூட்டியே அன்டிபயோட்டிக் எடுக்க வேணும், பல் டொக்டருக்குச் சொல்லாமல் வாயைத் திறக்காதேங்கோ. ஒரு மாதம் கிணத்தில தண்ணி அள்ளினது மகன்தான்.

சுன்னாகத்தான்:
அக்கா சொன்னது நடுச்சுவர் ஓட்டைக்கு. என்ர தம்பிக்கு அது, மேலுடம்பு இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவாற மேற்பெருநாளம் வந்து சேருற இடத்தில. வலது சுவாசப்பை நாளம் ஒண்டும் இடம் மாறி விழுந்தது. அதுக்குக் குடை சரிவராது, நெஞ்சு திறந்துதான் செய்தது. அவனுக்கு 33. இப்ப தோட்டம் செய்யிறான். ஓட்டை எந்த இடத்தில எண்டு எழுதுவிச்சு வாங்குங்கோ.

வடலி:
என்ர நடுச்சுவரிலதான் எண்டு எழுதியிருக்கு அண்ணை. மகளுக்கு 13, அவளுக்கும் இருக்குமோ?

முற்றத்து வேம்பு:
எல்லாருக்கும் வாறதில்லை பிள்ளை. ஆனா தாய்க்கு இருந்தா பிள்ளையளுக்கு ஒருக்கா எக்கோ பாக்கிறது நல்லது. என்ர ரெண்டுக்கும் பாத்தன், ஒண்டுமில்லை.

வடலி:
வியாழக்கிழமை கிளினிக். மாமியும் வாறாவாம், தானே டொக்டரிட்டக் கேக்கப் போறாவாம். எனக்குக் கவரிங் கடிக்கும் அக்கா. கலியாணத்துக்குப் போட்டு ரெண்டு காதும் புண்ணானது. கிளினிக் கொப்பியில முதல் பக்கத்திலயே எழுதி வச்சிட்டன்.