சிறையில் பட்டம்: அந்த 43 யார் கணக்கு?

கரிகாலன்: நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: "சிறையில் பட்டம் படிக்க வைத்தால் 43 சதவீதம் பேர் திருந்திவிடுகிறார்கள், அமெரிக்காவில் நிரூபித்தாகிவிட்டது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்திருக்கிறேன். குத்திவிட்டு உள்ளே போனவனுக்கு இக்னோ தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு ரூபாய் கட்டாமல் பி.ஏ.! அதற்கு 43 என்று ஒரு எண் வேறு.

குமரன்_திருச்சி: எழுதியது நான்தான். அமெரிக்காவின் ராண்டு ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு. 43 சதவீதம். படித்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய வாத்தியார்: தம்பி குமரா, படித்தது சரி, புரிந்துகொண்டது தப்பு. 31 வருஷம் கணக்கு நடத்தியவன் சொல்கிறேன். சிறையில் படிக்காமல் வெளியே வந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் திரும்ப உள்ளே போகிறவர்கள் நூற்றுக்கு 43. படித்தவர்களில் 30. வித்தியாசம் 13 பேர். 43 என்பது திரும்பிப் போகிறவர் கணக்கு, திருந்தியவர் கணக்கு இல்லை.

குமரன்_திருச்சி: ஐயா, "43 சதவீதம் குறைவு" என்று அறிக்கையின் சுருக்கத்திலேயே இருக்கிறது. நான் கற்பனை பண்ணவில்லை.

பழைய வாத்தியார்: அது ஆட்ஸ் கணக்கு, அதாவது திரும்பிப் போகிறவரைத் திரும்பிப் போகாதவரால் வகுக்கிற கணக்கு. 43ஐ 57ஆல் வகு. 30ஐ 70ஆல் வகு. இரண்டாவது விடை முதல் விடையைவிட 43 சதவீதம் குறைவாக வரும். ஆளை எண்ணினால் 13தான். அதுவும் பட்டம் மட்டும் இல்லை. எழுத்தறிவு, கைத்தொழில் எல்லாம் சேர்த்த கணக்கு.

கரிகாலன்: ஆக 43 பொய். வாத்தியாரே சொல்லிவிட்டார். நன்றி.

பழைய வாத்தியார்: பொய் என்று நான் எங்கே சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஆறு வருஷம் சனிக்கிழமை தவறாமல் ஒரு மத்திய சிறைக்குப் போய் பி.காம். பாடம் நடத்தியிருக்கிறேன். வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருவர் ஐந்தொகைக் கணக்கை கேன்டீன் சீட்டின் பின்பக்கம் போட்டுவைத்திருந்தார், பென்சில் தேய்ந்து விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்று ஒரு வாரம் தூங்கவில்லையாம். தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் போய்விட்டார், பாடப்புத்தகம் இங்கேயே கிடந்தது. நீங்கள் இலவசம் இலவசம் என்கிறீர்களே, அந்த இலவசத்தின் லட்சணம் இது.

செல்வி_மதுரை: கரிகாலன் சார், "குத்திவிட்டு உள்ளே போனவன்" என்று எல்லாரையும் சேர்த்து எழுதாதீர்கள். இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணையில் இருப்பவர்கள். தீர்ப்பே வரவில்லை. 'உள்ளே போனவன்' என்றும் சொல்லாதீர்கள், சிறைவாசி என்று சொல்லுங்கள்.

கரிகாலன்: பெயரை மாற்றினால் செய்தது மாறிவிடுமா? நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 43ஆ, 13ஆ? பட்டம் என்று நீங்கள் கொண்டாடுவது தபாலில் வருகிற பட்டம்தானே? அதற்கு என்ன மதிப்பு?

செல்வி_மதுரை: நான் அஞ்சல்வழியில்தான் பி.ஏ. முடித்தேன். காலையில் கடை, ராத்திரி படிப்பு. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இன்று வேலை பார்க்கிறேன். வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

குமரன்_திருச்சி: பேரறிவாளன் சிறைக்குள் இருந்தே பிளஸ் டூவில் 1200க்கு 1096 எடுத்தார், எம்.சி.ஏ.வும் முடித்தார். நளினியும் சிறையில்தான் எம்.சி.ஏ. முடித்தார். 2015இல் நியூயார்க் சிறைவாசிகளின் விவாத அணி ஹார்வர்டு அணியையே தோற்கடித்தது. இதற்கெல்லாம் மதிப்பு இல்லையா?

கரிகாலன்: ராஜீவ் கொலை வழக்கை இழுத்தால் வேறு மாதிரி பேச வேண்டிவரும். நீட் விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது ஒரு பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடினீர்கள். மறக்கவில்லை.

பழைய வாத்தியார்: கரிகாலன், உங்கள் மகளின் கட்டணம் எனக்கும் வலிக்கிறது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். "நேர்மையான குடும்பத்துப் பிள்ளைக்கு இல்லாத உதவி சிறையில் இருப்பவனுக்கா?" என்று கேட்டுத்தான் அமெரிக்காவில் வசதியில்லாத மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையை 1994இல் சிறைவாசிகளுக்கு நிறுத்தினார்கள். வெளியே எந்தப் பிள்ளையின் கட்டணமும் அதனால் குறையவில்லை. சிறைக்குள் நடந்த கல்லூரி வகுப்புகள்தான் வரிசையாக மூடப்பட்டன. 2023 ஜூலையில்தான் உதவி முழுமையாகத் திரும்ப வந்தது. குமரா, நீ மட்டும் தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே. 43 பேர் திருந்தினார்கள் என்று நீ எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்து.

குமரன்_திருச்சி: 43 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கிறது. நான் திருத்த மாட்டேன்.

பழைய வாத்தியார்: சதவீதம் வேறு, ஆள் வேறு! 43ஐ 57ஆல் வகுத்துப் பார் என்று மேலே எழுதியிருக்கிறேன். வகுத்தாயா?

கரிகாலன்: இரண்டு பேரும் முதலில் ஒரே எண்ணுக்கு வாருங்கள். அப்புறம் என் வரிப்பணத்தைக் கேளுங்கள்.

பழைய வாத்தியார்: 13. மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நூறு பேரில் 13 பேர் திரும்ப உள்ளே போகவில்லை என்றால் 13 குடும்பம். காலையில் காகிதத்தில் போட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன், வரிக்கு வரி.

குமரன்_திருச்சி: போடுங்கள் ஐயா. அதிலும் கடைசியில் 43 என்றுதான் வரும்.

செல்வி_மதுரை: அஞ்சல்வழிப் பட்டத்தைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை, கரிகாலன் சார்.