கடுமிதி, தணிவு: இன்டர்வல் பயிற்சிக்குத் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் பயிற்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் டிரெயினிங்' (சற்று நேரம் கடுமையாக உழைப்பதும் சற்று நேரம் தணிவதுமாக மாறி மாறிச் செய்யும் பயிற்சி) என்பதற்கு 'உயர் தீவிர இடைவெளிப் பயிற்சி' என்று போட்டிருக்கிறீர்கள். நாளிதழ்களில் புழங்கும் சொல்தான். ஆனாலும் அச்சேறுவதற்கு முன் என் ஆட்சேபத்தைப் பதிந்துவிடுகிறேன்.

அண்மையில் ஏலகிரி மலைப்பாதையில் ஒரு கல்லூரி மாணவனைப் பார்த்தேன். வியர்வையில் ஊறிய தாள் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். '4 நிமிட உயர் தீவிர இடைவெளி, 4 முறை' என்று அதில் இருந்தது. பையன் கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான்கு நிமிடம் தீவிரமாக உட்கார்ந்திருந்தான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இடைவெளி என்றால் தமிழில் எதுவும் நடக்காத பொழுதுதானே.

வேடிக்கை என்னவென்றால், மூலச்சொல்லும் முதலில் அதைத்தான் குறித்தது. 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் வகுத்த முறை இது. ஓட்டக்காரரின் நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்றுவார்கள். 120க்கு இறங்கியதும் மறுபடி ஓடவிடுவார்கள். இதயம் வலுப்பெறுவது ஓட்டத்தில் அல்ல, இடையில் வரும் அந்த ஓய்வில்தான் என்பது அவர்கள் கொள்கை. அதனால் ஓய்வுதான் இன்டர்வல். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பிற்பாடு பெயர் ஓய்விலிருந்து நழுவி ஓட்டத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் பெயர்க்க வேண்டும்?

'தீவிரம்' எனக்கு உவப்பில்லை. வேலூரில் வளர்ந்தவனுக்குத் தீவிரம் என்றதும் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. உடம்பைத் தேற்றும் பயிற்சிக்கு அது நல்ல சகுனமல்ல. 'முடுக்கப் பயிற்சி' என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். பள்ளி இயற்பியலில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். நான்கு நிமிடம் ஒரே வலுவில் மிதிப்பவரிடம் முடுக்கம் எங்கே இருக்கிறது? 'செறிவு' ஒளிக்கும் கரைசலுக்கும் பொருந்தும், தொடைக்குப் பொருந்தாது.

என் முன்மொழிவு: கடுமிதி, இளமிதி. 'கடு' என்பதில் கடுமையும் உண்டு, விரைவும் உண்டு. சங்கப் பாடல்களில் விரையும் குதிரை 'கடுமான்'. இலங்கைத் தமிழர் விரைவு ரயிலை இன்றும் 'கடுகதி' என்கிறார்கள். இளஞ்சூடு, இளவெயில் வரிசையில் இளமிதி தானாக வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு சுற்று. முழுமைக்கும் 'கடுமிதிச் சுற்றுப் பயிற்சி'. நார்வேயில் 2007இல் ஓட்டத்துக்குச் சோதித்த முறையை, உச்ச நாடித்துடிப்பில் 90 முதல் 95 விழுக்காட்டில் 4 நிமிடம், பிறகு 70 விழுக்காட்டில் 3 நிமிடம், இப்படி நான்கு முறை என்பதை, 'நான்கு சுற்று: 4 நிமிடக் கடுவோட்டம், 3 நிமிட இளவோட்டம்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து பதில்:

ஐயா, கடுமிதிக்கு என் வாக்கு. இளமிதி இடிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி டபாட்டாவின் 1996 ஆய்வு சைக்கிளில் நடந்ததுதான்: 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதி, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. அந்த 10 விநாடியில் மிதியே கிடையாது. மலைக்கும் உங்கள் சொல் ஒத்துவராது. ஏலகிரி ஏற்றத்தில் மெதுவாக மிதித்தாலும் நெஞ்சு அடிப்பது நிற்காது. திரும்பி இறங்கினால் பிரேக்கில்தான் கை இருக்கும், காலுக்கு வேலையில்லை. கடுமிதியை மேட்டிலும் இளமிதியைச் சமதரையிலுமா செய்வது?

பதிலுக்குப் பதில்:

நல்ல கேள்வி அம்மா. காலுக்கு ஒரு சொல், நாடிக்கு ஒரு சொல் என்று பிரித்துக்கொள்வோம். இடையில் நாடி இறங்கும் பொழுது முழுவதும் 'தணிவு'. அந்தத் தணிவை இளமிதியாலும் பெறலாம், நின்றும் பெறலாம், இறக்கத்தில் உருண்டும் பெறலாம். டபாட்டா முறை அப்போது '20 விநாடிக் கடுமிதி, 10 விநாடித் தணிவு' ஆகிவிடும். 10 விநாடியில் நாடி எங்கே தணிகிறது என்று அடுத்த மடலில் கேட்பீர்கள். தணியாது, அந்த முறையின் கொடுமையே அதுதான். மலைக்குக் கையேட்டில் தனிக் குறிப்பு வேண்டும்: கடுமிதி ஏற்றத்தில், தணிவு வந்த வழியே மெல்ல இறங்கும்போது, வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு.

'இடைவெளி'யைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு யாருக்கும் மறுப்பு உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.