தோற்ற போரைக் கொண்டாடிவிட்டு படையைக் கைவிடலாமா? (அர்ஜென்டினா)

பழைய மாலுமி, செந்தூல்:
பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கும்போது தொடங்கிய பேச்சு, அங்கே முடியவில்லை. அர்ஜென்டினா 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனோடு மோதி 74 நாளில் தோற்றது. 649 பேரைப் பறிகொடுத்தது. அந்தத் தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் மல்வினாஸ். அங்கே படை இறக்கிய ஏப்ரல் 2 பொது விடுமுறை. பேருந்துகளில்கூட ‘மல்வினாஸ் அர்ஜென்டினாவுடையது’ என்று எழுதிவைக்கச் சட்டம் இருக்கிறது. படையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கிப் போன சாந்திசிமா திரினிதாத் கப்பல், 2013இல் துறைமுகத்தில் கட்டிப்போட்ட இடத்திலேயே கவிழ்ந்தது. 2017 நவம்பரில் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு கடலுக்குள் போய்விட்டது. நான் 20 வருடம் கப்பலில் வேலை பார்த்தவன். எனக்கு இது நெஞ்சை அறுக்கிறது. நினைவு நாள் கொண்டாடத் தெரிந்த நாட்டுக்கு, உயிரோடு இருக்கும் மாலுமியைக் காப்பாற்றத் தெரிய வேண்டாமா?

மேகலா, பினாங்கு:
அண்ணே, அது எந்தப் படை என்றும் சொல்லுங்கள். 1976 முதல் 1983 வரை நாட்டை ஆண்டு, சொந்த மக்களையே ஆயிரக்கணக்கில் கடத்திக் கொன்ற படை. பிள்ளையைத் தேடிய தாய்மார்கள் 1977இலிருந்து பியூனஸ் அயர்ஸ் சதுக்கத்தில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அந்தக் கடத்தல்களில் கைவைத்த கடற்படை அதிகாரி அல்ஃபிரேடோ அஸ்டிஸ் என்பவர்தான் 1982 ஏப்ரலில் தெற்கு ஜார்ஜியா தீவில் பிரிட்டனிடம் சரணடைந்தார். அந்தப் போரில், பதுங்குகுழியில் பசி தாங்காமல் சாப்பாடு திருடிய கட்டாயச் சிப்பாய்களை, சொந்த அதிகாரிகளே குளிரில் தரையோடு முளையடித்துக் கட்டிப்போட்டார்கள். பையன்களுக்கு 18, 19 வயது. கட்டாயச் சேவை 1994இல் நின்றதற்கும், முகாமுக்குள் ஒரு சிப்பாய் அடிபட்டுச் செத்ததுதான் காரணம். அப்படிப்பட்ட படைக்குப் பணத்தைக் குறைத்தார்கள் என்றால் மக்கள் மறந்ததால் இல்லை, மறக்காததால்.

பழைய மாலுமி:
தங்கச்சி, தளபதிகளை 1985இல் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதை நானும் கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் சான் ஹுவானில் இருந்தவர்கள் யாரைக் கடத்தினார்கள்? காற்றுக்குழாய் வழியாகக் கடல்நீர் புகுந்து பேட்டரியில் ஷார்ட் சர்க்கியூட் ஆனது என்று செய்தி அனுப்பியவர்கள் அவர்கள். அப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளையைப் பட்டினி போடுவது நியாயமா?

ஆயர் ஈத்தாம் பேரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மல்வினாஸில் டார்வின் என்ற இடத்தில் அர்ஜென்டினா வீரர்களின் கல்லறை இருக்கிறது. ‘கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டினா வீரன்’ என்று மட்டும் எழுதிய கற்கள் அங்கே 121 இருந்தன. போர் முடிந்தபின் அந்த உடல்களைச் சேகரித்துப் புதைத்தவர் ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி. எது எங்கே கிடைத்தது என்று குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு உதவியது. 2017இல் செஞ்சிலுவைச் சங்கம் தோண்டி, டிஎன்ஏ பார்த்து, நூறு பேருக்கு மேல் பெயர் கண்டுபிடித்தது. என் தாத்தாவின் அண்ணன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமில் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து போனவர். அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் வெட்டிய கல் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

மேகலா:
தம்பி, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். தோல்வியை நினைப்பது என்றால் முதலில் செத்தவனுக்குப் பெயர் கொடுப்பது. தோற்றுத் திரும்பிய பையன்களை அந்த ராணுவ அரசு இரவோடு இரவாக மறைத்துக் கொண்டுவந்தது, வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியது. புது விமானம் வாங்குவதைவிட அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குப் பெரிது. 2024இல் டென்மார்க்கிடம் 24 எஃப்-16 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் எந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது?

பழைய மாலுமி:
பெயர் கொடுப்பது அவசியம். அதில் சண்டை இல்லை. ஆனால் மார் தெல் பிளாட்டாவில் சான் ஹுவானின் தளத்துக்கு வெளியே, குடும்பங்கள் வேலியில் கொடியும் கடிதமும் கட்டிவைத்துக் காத்திருந்தன. ஒரு வருடம் கழித்துத்தான் கப்பல் 900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அந்த 44 பேருக்கும் பெயர் இருந்தது, தங்கச்சி. பழுதில்லாத கப்பல்தான் இல்லை.