சிறுநீர் கல்ச்சரில் மீண்டும் மீண்டும் ‘கலப்பு வளர்ச்சி’ என்று அறிக்கை வருகிறது: தவறு எங்கே நேர்கிறது?

கேள்வி (கிளினிக் உதவியாளர்)

வணக்கம். ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பை முடித்துவிட்டு, சிறிய ஊர் ஒன்றில் உள்ள தனியார் கிளினிக்கில் ஒன்றரை ஆண்டாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் நுண்ணோக்கியும் டிப்ஸ்டிக்கும் (சிறுநீரில் நனைத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் பட்டை) மட்டுமே இருப்பதால், கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) சிறுநீர் மாதிரிகளைக் காலை எட்டு மணி முதல் வாங்கி வைத்து, மதியம் ஒரு மணிக்கு வரும் ஊழியரிடம் கொடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அண்மைக் காலமாகப் பல அறிக்கைகள் ‘கலப்பு வளர்ச்சி, புதிய மாதிரி அனுப்பவும்’ என்றே திரும்பி வருகின்றன. 60 வயதைக் கடந்த ஓர் அம்மாவுக்கு இரண்டாவது முறையும் அப்படியே வந்தது. எரிச்சலும் காய்ச்சலுமாக வந்த அவர், “மறுபடியும் காசு கட்டணுமா தம்பி?” என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டப்பா புதியது, மூடியும் இறுக்கமாகவே இருந்தது. நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில் 1 (நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. எட்டு மணிக்கு வாங்கிய மாதிரி ஒரு மணி வரை மேசைமீது இருந்தால் ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. சிறுநீர்த் தொற்றை அடிக்கடி உண்டாக்கும் ஈ. கோலை கிருமி தனக்கு உகந்த சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. அந்தக் கணக்கில், தோலிலிருந்து தவறி விழுந்து ஒரு மில்லிலிட்டரில் 1,000 என்ற அளவில் இருந்த கிருமிகூட மூன்று மணி நேரத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். அறை வெப்பத்தில் வேகம் குறையும் என்றாலும், நம் ஊர் வெயிலில் அந்தக் குறைவை நம்பி மாதிரியை வெளியே வைக்க முடியாது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் அளவுள்ள லூப்பை (நுனியில் வளையம் உள்ள கம்பி) சிறுநீரில் நிமிர்த்திப் பிடித்துத் தொட்டு, சி.எல்.இ.டி. அல்லது மெக்கான்கி பிளேட்டில் (கிருமி வளர்வதற்கான ஊடகம் உள்ள தட்டு) இழுத்து, 35 முதல் 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைக்கிறோம். மறுநாள் 100 காலனி (கிருமிகள் பெருகி உண்டாகும் புள்ளி) தெரிந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகள் என்று கணக்கிடுகிறோம். உண்மையான தொற்றாக இருந்தால், மெக்கான்கியில் ஒரே மாதிரியான இளஞ்சிவப்புக் காலனிகள் நிறைந்திருப்பதைப் பார்த்த உடனேயே ஈ. கோலையாக இருக்கலாம் என்று மனம் சொல்லிவிடும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் காலனிகள் கலந்து கிடந்தாலோ (இதுதான் ‘கலப்பு வளர்ச்சி’), எது சிறுநீர்ப்பையிலிருந்து வந்தது, எது தோலிலிருந்து வந்தது என்று எங்களால் பிரிக்க இயலாது. அந்தக் குவியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, அதற்கு எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற சோதனை போட்டால், நோயாளிக்குத் தேவையற்ற மருந்து போய்ச் சேரும். அதனால்தான் புதிய மாதிரி கேட்கிறோம்.

மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டை அடைய வேண்டும். முடியாவிட்டால் வாங்கிய உடனே 4 டிகிரி அளவிலான குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், 24 மணி நேரம் வரை பயன்படுத்தலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உணவோ தடுப்பூசியோ வைக்கும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எடுத்துச் செல்லும் ஊழியரிடம் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

பதில் 2 (செவிலியர்)

குளிர்பதனம் கிருமி பெருகாமல் தடுக்கும், ஏற்கெனவே கலந்ததை நீக்காது. எனவே கழிவறைக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். “நடுவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள்” என்று ஒரே வரியில் சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்துவிடுகிறோம். நோயாளி மூடியைத் திறந்து, அதன் உட்புறம் கீழே படும்படி ஈரமான தொட்டி விளிம்பில் வைக்கிறார், டப்பா உடலில் இடிக்கிறது, முதல் சொட்டிலிருந்தே பிடித்துவிடுகிறார். இதைத் தவறென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நான் இப்போது இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாகச் சுத்தமான நீரால் துடைத்து, ஒரு கையால் இதழ்களைப் பிரித்துப் பிடித்தபடியே சிறிதளவு சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் டப்பாவை நீட்டி, பாதி நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். டெட்டால் போன்ற கிருமிநாசினியால் கழுவச் சொல்லாதீர்கள், அதன் எச்சம் மாதிரியில் கலந்தால் உண்மையான கிருமியே வளராமல் போகலாம். குனிய முடியாத முதியவர்களுக்கு உடன் வந்த மகளையோ மருமகளையோ அழைத்து, இதே விளக்கத்தை அவர்களுக்கும் சொல்லுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அம்மாவுக்கு இதுவே தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை நான் வாங்கிய மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தேன், இரண்டில் எபிதீலியல் செல்கள் (உடலின் மேற்பரப்பையும் உறுப்புகளின் உட்புறத்தையும் மூடியிருக்கும் செல்கள்) மிகுதியாக இருந்தன. அனுப்புவதற்கு முன்பே இதை வைத்து முடிவெடுக்கலாமா? கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் அமிலம் உள்ள மாதிரிக் குழாய் பற்றியும் கேள்விப்பட்டேன். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டவர்களுக்குப் பையிலிருந்து எடுப்பது சரியா?

பதில் 3 (ஆய்வக மேற்பார்வையாளர்)

தட்டையான எபிதீலியல் செல்கள் மிகுந்திருப்பது தோலிலிருந்தோ பிறப்புறுப்புப் பகுதியிலிருந்தோ கலப்பு ஏற்பட்டிருப்பதற்கான நல்ல குறிப்பு. நோயாளி இன்னும் கிளினிக்கிலேயே இருந்தால், அப்போதே வேறு மாதிரி கேட்பது அவருக்கு ஒரு நாளையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். போரிக் அமிலக் குழாய் உங்களைப் போல் தொலைவிலிருந்து அனுப்புவோருக்கு மிகவும் உதவும். ஆனால் குழாயில் குறித்த கோடு வரை சிறுநீர் நிரம்ப வேண்டும், குறைந்தால் அமிலத்தின் அடர்த்தி கூடிக் கிருமிகளையே அடக்கிவிடும். கதீட்டர் பையிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். கதீட்டர் குழாயில் மாதிரி எடுப்பதற்கென உள்ள துளையை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஸ்டெரைல் ஊசிக்குழலால் எடுக்க வேண்டும்.

முதல் பதிலில் வந்த 1,00,000 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொற்று என்று கருத வழக்கமாக வைக்கும் அந்த அளவுகோல் 1950களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதைக் கல்லில் எழுதிய எல்லையாக எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்தால் தொற்றே இல்லை என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு, ஒரே வகைக் கிருமி குறைந்த எண்ணிக்கையில் வளர்ந்தாலும் அது உண்மையான தொற்றாக இருக்கலாம். எதிர்ப்பக்கம், எந்த அறிகுறியும் இல்லாத முதியவருக்கு லட்சத்துக்கு மேல் வளர்ந்தாலும் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது, கர்ப்பிணிக்கோ அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை. டிப்ஸ்டிக்கில் நைட்ரைட் (சில கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் வேதிப்பொருள்) வராததை நம்பியும் கல்ச்சரைத் தவிர்க்க வேண்டாம். எண்டெரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை.

ஆகவே படிவத்தில் பெயரும் வயதும் மட்டும் எழுதி அனுப்பாமல், மாதிரி எடுத்த நேரம், எடுத்த முறை, அறிகுறி, கர்ப்பம், கடைசியாக ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். மருந்துக் கடையில் தாமாகவே இரண்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவோர் நிறைய உண்டு, அதைக் கேட்காமல் விட்டால் ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையை யாரும் சரியாகப் படிக்க முடியாது. அந்த அம்மாவிடம் இதையும் கேட்டுவிட்டு மாதிரி எடுங்கள்.